தெற்கு பார்த்த பால்கனிக்கு மட்டும்தானா வானம்?

போன வாரம் எங்க காண்டோ அசோசியேஷன்லேர்ந்து ஒரு மெயில் வந்துச்சு. புது விதிமுறைகளோட வரைவு. பதினோரு பக்கம். குப்பையை எந்தக் கிழமை வெளில வைக்கணும், விருந்தாளி காரை எங்க நிறுத்தணும், நாயை எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போகணும்... எல்லாம் நியாயமான விஷயங்கள்தான்.

ஒன்பதாம் பக்கத்துல நாலே வரி.

சாட்டிலைட் டிஷ் வைக்கணும்னா முன்கூட்டியே போர்டுகிட்ட எழுத்துல அனுமதி வாங்கணும். ரோட்டுலேர்ந்து பார்த்தா தெரியக் கூடாது. இப்போ இருக்கற டிஷ்ஷை முப்பது நாளுக்குள்ள எடுத்துடணும். எடுக்கலைன்னா நாளுக்கு 25 டாலர் அபராதம்.

ராத்திரி பதினோரு மணிக்குப் படிச்சேன். அப்புறம் தூக்கமே வரல.

(நான் இருக்கறது நியூஜெர்ஸில, எடிசன் பக்கம். காண்டோன்னா நம்ம ஊர் ஃபிளாட் மாதிரிதான். சுவருக்கு உள்பக்கம் நமக்குச் சொந்தம். வெளிச்சுவர், கூரை, படிக்கட்டு, புல்தரை எல்லாம் எல்லாருக்கும் பொது. பால்கனி மட்டும் ரெண்டுங்கெட்டான். பத்திரத்துல பொதுவுல சேர்ந்திருக்கும், ஆனா அதைப் பயன்படுத்தற உரிமை அந்த வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கதையே இதுலதான் இருக்கு.)

இந்த டிஷ் விவகாரம் எனக்குப் புதுசு இல்ல. 2010ல ஒரு தடவை இதே சண்டையை நான் போட்டிருக்கேன்.

அந்த வருஷம் பிப்ரவரில அப்பாவும் அம்மாவும் முதல் தடவையா இங்க வந்தாங்க. ஆறு மாசம். பனிக்காலம். நானும் மனைவியும் காலைல எட்டு மணிக்குக் கிளம்பினா சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவோம். அவங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாது, வெளில நடக்க முடியாது, ஜன்னல்ல பார்த்தா வெள்ளையா பனி. ரெண்டாவது வாரத்துலயே அப்பா பேசறதைக் குறைச்சுக்கிட்டார். டிவில முன்னூறு சேனல் ஓடுது, அதுல ஒண்ணுகூட அவர் பாஷை இல்ல.

அப்போதான் தமிழ் சேனல்களுக்காக டிஷ் போடலாம்னு முடிவு பண்ணினோம்.

டிஷ் மாட்ட வந்த பையன் பால்கனியைப் பார்த்ததும் "உங்களுக்கு அதிர்ஷ்டம், தெற்கு பார்த்திருக்கு"ன்னு சொன்னான். அப்போ எனக்கு அது புரியல. வாஸ்து மாதிரி ஏதோ சொல்றான்னு நினைச்சேன். அப்புறம்தான் விளக்கினான். டிவி சாட்டிலைட் எல்லாம் பூமத்தியரேகைக்கு நேர் மேல, கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துல, பூமி சுத்தற அதே வேகத்துல சுத்துது. அதனால நமக்கு ஒரே இடத்துல நிக்கற மாதிரி இருக்கும். நியூஜெர்ஸி 40 டிகிரி வடக்குல இருக்கறதால அது எப்பவும் நமக்குத் தெற்கு வானத்துலதான். அதுவும் தலைக்கு மேல இல்ல, அடிவானத்துலேர்ந்து ஒரு 35, 40 டிகிரி உயரத்துல.

இதை அப்பாகிட்ட சொன்னப்போ அவர் டக்குனு ஒண்ணு சொன்னார். "அதான் பாத்தேன். நம்ம வீட்டு டிஷ் அண்ணாந்து பாக்கும். இது நேரா எதிர் வீட்டைப் பாக்குது."

சரியாத்தான் கவனிச்சிருக்கார்! சென்னை 13 டிகிரில இருக்கு. அங்க சாட்டிலைட் ஏறக்குறைய உச்சி வானத்துல. அதனால அங்க டிஷ் மல்லாந்த மாதிரி இருக்கும், மொட்டை மாடிலதான் வைக்க முடியும், பால்கனில வச்சா மேல் வீட்டுத் தளம் மறைச்சிடும். இங்க அது சாய்வா வர்றதால பால்கனிலயே கிடைக்குது. ஆனா ஒரே ஒரு நிபந்தனை. பால்கனி தெற்கு பார்த்திருக்கணும்.

அந்தப் பையன் டிஷ்ஷை பால்கனி கம்பில கிளாம்ப் போட்டு மாட்டிட்டுப் போனான். பாதி டிஷ் கம்பிக்கு வெளில நீட்டிட்டு இருந்துச்சு. எனக்கு அதெல்லாம் கண்ணுலயே படல. காலைல காபியோட தமிழ்ல செய்தி கேட்டப்போ அப்பா முகத்துல வந்த வெளிச்சம்தான் கண்ணுல நின்னுச்சு.

மூணு வாரத்துல அசோசியேஷன்லேர்ந்து கடிதம் வந்துடுச்சு. பத்து நாளுக்குள்ள எடுங்க, இல்லன்னா அபராதம்.

எனக்குச் சட்டம் கிட்டம் எதுவும் தெரியாது. ஆபீஸ்ல கூட வேலை செய்யற ஒருத்தர்தான், "அவங்க அப்படி சொல்ல முடியாதே, எஃப்சிசி விதி இருக்கே"ன்னார். (எஃப்சிசின்னா இந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம்.) அன்னிக்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்த விதியைத்தான் படிச்சேன்.

விஷயம் இதுதான். 80கள்ல இங்க டிஷ்னா பத்தடி அகலம், பின்பக்கத் தோட்டத்துல ஒரு ராட்சசக் குடை மாதிரி நிக்கும். 1994ல 18 இஞ்ச் டிஷ் வந்துச்சு, ஒரு பெரிய தாம்பாளம் அளவுதான். கேபிளுக்கு ஒரு போட்டி கிடைச்சுது. ஆனா அசோசியேஷன்கள் பழைய குடையை நினைச்சுக்கிட்டு இதையும் தடுத்தாங்க. 1996 பிப்ரவரில வந்த தொலைத்தொடர்புச் சட்டத்துல 207ஆம் பிரிவுன்னு ஒண்ணு. இந்தத் தடைகளுக்கு முடிவு கட்டற மாதிரி ஒரு விதி போடுன்னு எஃப்சிசிக்கு உத்தரவு. அந்த வருஷம் அக்டோபர் 14லேர்ந்து விதி அமலுக்கு வந்துச்சு. 1999 ஜனவரி 22லேர்ந்து வாடகைக்கு இருக்கறவங்களுக்கும் அது பொருந்தும்.

விதி என்ன சொல்லுதுன்னா, ஒரு மீட்டர் வரைக்கும் அகலமுள்ள டிஷ்ஷை, உங்களுக்கு மட்டும் உரிமையுள்ள இடத்துல நீங்க வச்சுக்கலாம். அசோசியேஷன் அதைத் தேவையில்லாம தாமதப்படுத்தக் கூடாது, நியாயமில்லாம செலவை ஏத்தக் கூடாது, சிக்னல் கிடைக்காத மாதிரி பண்ணக் கூடாது. பாதுகாப்புக் காரணமோ, வரலாற்றுச் சின்னமா அறிவிச்ச கட்டிடமோ இருந்தா தவிர, "முன் அனுமதி வாங்கு"ன்னுகூட சொல்ல முடியாது. தடை நியாயமானதுன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் அவங்களோடதுதான். விஷயம் எஃப்சிசிகிட்டயோ கோர்ட்டுலயோ இருக்கற வரைக்கும் பொதுவா அபராதமும் ஏறாது.

படிச்சு முடிச்சதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துடுச்சு. ஆனா அதே விதியில இன்னொரு விஷயமும் இருந்துச்சு. டிஷ் உங்க இடத்துக்குள்ள இருக்கணும். கம்பியைத் தாண்டி வெளில நீட்டினா அது பொது இடம், அங்க இந்த விதி உங்களைக் காப்பாத்தாது.

அதாவது அந்தக் கடிதத்துல பாதி நியாயம் இருந்துச்சு. எங்க டிஷ் நீட்டிட்டுத்தான் இருந்துச்சு.

சரின்னு அந்த சனிக்கிழமை நானும் அப்பாவும் வேலையில இறங்கினோம். அஞ்சு காலன் பிளாஸ்டிக் பக்கெட் ஒண்ணு, 80 பவுண்டு காங்கிரீட் மூட்டை ஒண்ணு, ஒரு இரும்புக் குழாய். பக்கெட் நடுவுல குழாயை நிறுத்தி காங்கிரீட்டைக் கொட்டி, அது இறுகற வரைக்கும் அப்பா ரசமட்டத்தை வச்சுக்கிட்டு குழாய் நேரா இருக்கான்னு பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தார் (குழாய் துளி சாஞ்சாலும் அப்புறம் டிஷ்ஷைத் திருப்பறப்போ கணக்கு தப்பும்). சுவர்ல ஒரு ஓட்டைகூட போடல. கேபிளுக்கு, கண்ணாடிக் கதவு இடுக்குல நுழையற தட்டையான கேபிள் துண்டு கடையில கிடைக்குது. அதையே போட்டோம். டேப் வச்சு அளந்து, டிஷ்ஷோட எந்த விளிம்பும் கம்பியைத் தாண்டலைன்னு போட்டோ எடுத்து, விதியோட நகலையும் சேர்த்து அசோசியேஷன் ஆபீஸுக்கு அனுப்பினேன்.

பதினஞ்சு நாள் கழிச்சு பதில். அவங்க வக்கீல் பார்த்துட்டாராம். வச்சுக்கலாம்.

அம்மா அன்னிக்கு டிஷ்ஷுக்குக் குங்குமம் வச்சாங்க. நிஜமா!

இதோட முடிஞ்சுதுன்னு பார்த்தா, மே மாசம் ஒரு நாள் திடீர்னு சிக்னல் போச்சு. கேபிளை மாத்தினேன். பெட்டியை அணைச்சு அணைச்சு போட்டேன். கம்பெனிக்கு ஃபோன் பண்ணி ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு அம்மாதான் கண்டுபிடிச்சாங்க.

"மரம் துளிர்த்திருக்கு பாருடா."

பிப்ரவரில மொட்டையா இருந்த மேப்பிள் மரம், மே மாசம் முழுசா இலை போட்டு அந்த மூலையை மூடிடுச்சு. ஈர இலை இந்த சிக்னலை அப்படியே குடிச்சிடும். நூறு பவுண்டு பக்கெட்டை இந்த மூலைலேர்ந்து அந்த மூலைக்கு நகர்த்தி, மீட்டரைப் பார்த்துப் பார்த்து ஒரு மயிரிழை திருப்பறதுக்கே அரை நாள் ஆச்சு. (யாராவது குளிர்காலத்துல டிஷ் வைக்கறீங்கன்னா, தயவுசெஞ்சு கோடைக்காலத்து மரத்தை மனசுல வச்சுக்கிட்டு வைங்க. எனக்கு யாரும் சொல்லல.)

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

எங்க எதிர் வாசல்ல ஒரு குஜராத்திப் பாட்டி இருக்காங்க. மகன், மருமகள் ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. 2012ல அப்பா அம்மா ரெண்டாவது தடவை வந்தப்போ, அம்மாவுக்கும் பாட்டிக்கும் பழக்கமாச்சு. அம்மாவுக்குக் குஜராத்தி தெரியாது, பாட்டிக்குத் தமிழ் தெரியாது. ரெண்டு பேருக்கும் ஹிந்தி அரைகுறை. ஆனா தினம் மதியம் டிஷ்ல ஒரு ஹிந்தி சீரியலை ஒண்ணா உக்காந்து பார்ப்பாங்க. மாமியார் கெட்டவளா, மருமகள் கெட்டவளான்னு ரெண்டு பேரும் சைகையிலயே சண்டை போடுவாங்க.

பாட்டி மகனும் ஒரு டிஷ் வாங்கலாம்னு பார்த்தார். அதே கட்டிடம், அதே அசோசியேஷன், அதே சட்டம், மாசாமாசம் கட்டற பராமரிப்புத் தொகையும் அதே.

ஆனா அவங்க பால்கனி வடக்கு பார்த்தது.

அங்க பக்கெட்டை எந்த மூலைல வச்சாலும் எதிர்ல கட்டிடம்தான் இருக்கு, தெற்கு வானம் இல்ல. கூரைல வைக்கலாம்னா அது பொது இடம், விதி பொருந்தாது. புல்தரையும் அப்படித்தான். போர்டு முடியாதுன்னு சொல்லிடுச்சு, சட்டப்படி அவங்க சொன்னதும் சரி.

நான் 2010ல ஜெயிச்சதா நினைச்சது, உண்மையில என் வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்குங்கறதைப் பொறுத்த விஷயம். இது எனக்கு அன்னிக்குத்தான் உறைச்சுது. வீடு வாங்கறப்போ வெளிச்சம் பார்த்தோம், பார்க்கிங் பார்த்தோம், ஸ்கூல் பார்த்தோம். தாய்மொழி எந்த திசைலேர்ந்து வரும்னு யார் பார்த்தாங்க?

கூரைல ஆளாளுக்கு டிஷ் வைக்க விடணும்னு நான் சொல்லல. அதோட விளைவு என்னன்னு எனக்கு நல்லாவே தெரியும். சென்னைல அப்பா அம்மா இருக்கற ஃபிளாட்டோட மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க. வீட்டுக்கு ஒரு டிஷ், சிலதுக்கு ரெண்டு. கம்பெனி மாத்தினவங்க பழசை எடுக்காம புதுசை மாட்டியிருப்பாங்க. மாட்ட வர்ற ஒவ்வொருத்தரும் தட்டோட்டைத் துளைச்சு நாலு போல்ட் அடிச்சுட்டுப் போவாங்க. ஐப்பசி மழை வந்தா மேல் மாடி மாமி வீட்டு ஹால்ல பக்கெட் வச்சிருப்பாங்க. 2016 வர்தா புயல்ல ரெண்டு டிஷ் பிடுங்கிட்டுப் போய் பக்கத்துத் தெருவுல கிடந்துச்சு. நல்ல வேளை, யார் மேலயும் விழல.

அதனால எங்க போர்டு கூரையைப் பத்திக் கவலைப்படறதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். இங்க கூரை மேல ரப்பர் விரிப்பு மாதிரி ஒட்டியிருக்கு. ஒரு ஓட்டை போட்டாலும் தண்ணி உள்ள இறங்கும், அப்புறம் கூரை போட்டவன் கொடுத்த வாரன்டியும் போயிடும்.

ஆனா இதுக்கு வழி இல்லாமலா இருக்கு?

கட்டிடத்துக்குப் பொதுவா ஒரு டிஷ். ரெண்டு கம்பெனி வேணும்னா ரெண்டு டிஷ். கூரையைத் துளைக்காம, அடில ரப்பர் பாய் போட்டு, இரும்புத் தட்டு மேல காங்கிரீட் கட்டிகளை அடுக்கி நிறுத்தற ஸ்டாண்டு இருக்கு. அங்கேர்ந்து மல்டிஸ்விட்ச்னு ஒரு பெட்டி வழியா ஒவ்வொரு வீட்டுக்கும் கேபிள் பிரியும். ஏற்கனவே கேபிள் டிவிக்காக சுவருக்குள்ள ஒயர் ஓடுது, பல வீடுகளுக்கு அதையே பயன்படுத்திக்கலாம். வடக்கு, தெற்குங்கற பேச்சுக்கே இடமில்ல.

இதுல போர்டுக்கும் லாபம் இருக்கு. அதே எஃப்சிசி விதிதான் சொல்லுது. பொது டிஷ்ல நமக்கு வேணுங்கற அதே சேவை, அதே தரத்துல, தனியா வைக்கறதைவிட அதிகச் செலவில்லாம, தாமதமில்லாம கிடைச்சா, அப்போ தனித்தனி டிஷ்ஷை அசோசியேஷன் கட்டுப்படுத்தலாம். பால்கனில எதுவும் தெரியக் கூடாதுன்னு ஆசைப்படறாங்க இல்ல? அதுக்கு நேர் வழி இதுதான். அபராதம் போட்டு மிரட்டற வழியில அது நடக்காது, வக்கீல் ஃபீஸ்தான் ஆகும். (அந்த ஃபீஸும் நாம எல்லாரும் கட்டற பணம்தான்.)

2012லயே இதை ஒரு கூட்டத்துல சொன்னேன். "அடுத்த பட்ஜெட்ல பார்க்கலாம்"ன்னாங்க. நானும் விட்டுட்டேன். அது என் தப்பு. என் வீட்டுல டிவி ஓடிட்டு இருந்துச்சு, அதனால விட்டுட்டேன்.

அந்த வருஷம் அக்டோபர் 29 ராத்திரி சாண்டி புயல் வந்துச்சு. சாயங்காலமே நானும் அப்பாவும் போல்ட்டைக் கழட்டி டிஷ்ஷை மட்டும் உள்ள எடுத்து வச்சுட்டோம், பக்கெட் அசையாம அங்கேயே நின்னுச்சு. எங்க பக்கம் பல நாள் கரன்ட் இல்ல. கரன்ட் வந்த அன்னிக்கே டிஷ்ஷைத் திருப்பி மாட்டினோம், அரை மணி நேரத்துல படம் வந்துடுச்சு. கேபிளும் இன்டர்நெட்டும் வர இன்னும் ஒரு வாரம் ஆச்சு. அந்த ஒரு வாரமும் எங்க ஹால்தான் அந்த மாடிக்கே டிவி ரூம். பாட்டி வீட்டுலேர்ந்து தேப்லா வரும், அம்மா ரவா உப்புமா பண்ணுவாங்க, கீழ் வீட்டு அமெரிக்கத் தம்பதி செய்தி பார்க்க வருவாங்க. அதுல அந்தக் கணவர், 2010ல எங்க டிஷ்ஷைப் பத்திப் புகார் கொடுத்தவர். அவரே சொன்னார். சொல்லிட்டு மன்னிப்பும் கேட்டார். மனுஷன் நல்லவர்தான், பால்கனில வட்டமா ஏதோ நீட்டிட்டு இருக்கேன்னு மட்டும்தான் அவருக்குத் தெரிஞ்சிருக்கு. உள்ள யார் எதுக்காக அதைப் பார்க்கறாங்கன்னு அவருக்கு யாரும் சொல்லல.

"இப்போதான் எல்லாம் ஆப்ல வருதே, எதுக்கு டிஷ்?"னு கேப்பீங்க. மெயிலுக்குப் பதில் போட்ட ஒருத்தரும் அதைத்தான் கேட்டிருந்தார்.

என் வீட்டுல ஆப்தான். பழைய டிஷ் இன்னும் பால்கனில இருக்கு, ஆனா நாங்க அதைப் பார்க்கறது குறைஞ்சுபோச்சு. ஆனா பாட்டிக்கு இப்போ எண்பது தாண்டியாச்சு. ஆப் திறக்கணும், பாஸ்வேர்டு கேக்கும், அப்டேட் கேக்கும், நடுவுல சுத்திக்கிட்டே நிக்கும். அவங்களுக்குத் தெரிஞ்சது ரிமோட்ல மூணு எண் அமுக்கறது. மகன் டேப்லெட் வாங்கிக் கொடுத்தார், அது அலமாரில இருக்கு. யாருக்கு எது வசதிங்கறதை அவங்கவங்கதான் முடிவு பண்ணணும். போர்டுல உக்காந்திருக்கற அஞ்சு பேர் அதை முடிவு பண்ண முடியாது.

இன்னொண்ணு. இந்த விதி டிவிக்கு மட்டும் இல்ல. சாட்டிலைட் இன்டர்நெட்டுக்கு வீட்டுல வைக்கற சின்ன டிஷ்ஷுக்கும் பொருந்தும். ஸ்டார்லிங்க் மாதிரி தாழ்வா பறக்கற சாட்டிலைட் ஒரே இடத்துல நிக்காது. அதனால அதுக்கு வானம் நூறு டிகிரிக்கும் மேல விரிஞ்சு தெரியணும், அதுவும் இந்தப் பக்கத்துல அந்த டிஷ் பெரும்பாலும் வடக்கு பார்த்துத்தான் நிக்கும். அப்போ அதிர்ஷ்டம் வடக்குப் பக்கத்துக்காரங்களுக்குன்னு நினைக்காதீங்க. மேல தளம், ரெண்டு பக்கமும் சுவர் இருக்கற பால்கனில அவ்வளவு வானம் யாருக்கும் கிடைக்காது. அதுக்கும் கடைசில கூரைக்குத்தான் போகணும். கூரையைப் பத்திப் பேசாம டிஷ்ஷைப் பத்தி விதி எழுதறதுல அர்த்தமே இல்லைன்னு நான் சொல்றது அதனாலதான்.

வர்ற வியாழக்கிழமை கூட்டம். ஒன்பதாம் பக்கத்து நாலு வரியை நீக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதி முடிச்சுட்டேன். கூடவே, பொது டிஷ்ஷுக்கு ஒரு பக்கத்துல திட்டம் மாதிரி ஒண்ணு, கூரையோட படம் வரைஞ்சு ஸ்டாண்டு எங்க வரும், கேபிள் எந்தக் குழாய் வழியா இறங்கும்னு குறிச்சிருக்கேன். கீழ் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுட்டார். இது வரைக்கும் பதினாலு கையெழுத்து. அதுல ஒன்பது பேர் வீட்டுல டிஷ்ஷே கிடையாது.

பாட்டிகிட்ட கையெழுத்து வாங்கப் போனேன். குஜராத்தில போட்டாங்க. போட்டுட்டு, தானும் கூட்டத்துக்கு வரேன்னாங்க. ரெண்டு மாடி இறங்கணும், முழங்கால் வலி இருக்கேன்னு மகன் சொன்னார். "படி இறங்கறதுக்கு வியாழக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு"ன்னாங்க.

ஒரே ஒரு விஷயம் கைல இல்ல. செலவுக் கணக்கு. ரெண்டு பேர்கிட்ட கொட்டேஷன் கேட்டிருக்கேன், இன்னும் வரல. இதைப் படிக்கறவங்கள்ல யாராவது உங்க கட்டிடத்துல பொது டிஷ் போட்டிருந்தா, எத்தனை வீடு, மொத்தம் எவ்வளவு ஆச்சு, கூரை ஒழுகுச்சா இல்லையான்னு எனக்கு எழுதுங்க. புதன்கிழமைக்குள்ள வந்தா அச்செடுத்துக் கொண்டுபோயிடுவேன்.